வாரண்டியை இழக்காமல் மடிக்கணினியின் எஸ்.எஸ்.டி.யை நாமே மாற்றுவது எப்படி?

மடிக்கணினியில் இடம் நிறைந்துவிட்டது என்றோ, பழைய ஹார்டு டிஸ்க் நாளுக்கு நாள் மந்தமாகிறது என்றோ எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் டிரைவ்) வாங்க எண்ணுபவர்கள், பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியில் தயங்கி நின்றுவிடுகிறார்கள்: அடிமூடியைக் கழற்றினால் வாரண்டி போய்விடுமா? வேலையைப் பொறுத்தவரை, பெரும்பாலான மாடல்களில் சில திருகாணிகளையும் ஒரு பேட்டரி இணைப்பையும் கழற்றி மாட்டத் தெரிந்தால் போதும். வாரண்டிக் கேள்விக்கு மட்டும் ஒரே சொல்லில் பதில் கிடையாது. எந்த நிறுவனம், எந்த மாடல், எந்த நாட்டுச் சட்டம், கழற்றும்போது என்ன நேர்ந்தது ஆகிய நான்கையும் பொறுத்துப் பதில் மாறும். ஆயினும் எங்கு இருப்பவருக்கும் பொருந்தும் ஒரு வழி உண்டு. செய்கிற மாற்றம் எதுவானாலும், அதை அரை மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திருப்பிவிட முடியும் என்ற ஏற்பாட்டோடு செய்வதே அந்த வழி. கழற்றிய டிரைவ் அழிக்கப்படாமல் அப்படியே கையில் இருக்கும்வரை வாரண்டி குறித்த கவலையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

வாரண்டி எதைத் தாங்கும், எதைத் தாங்காது

முதலில், இங்கே ஒன்றுக்கு மேற்பட்ட உத்தரவாதங்கள் இருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மடிக்கணினிக்கு அதன் நிறுவனம் தருவது ஒன்று. புதிதாக வாங்கும் எஸ்.எஸ்.டி.க்கு அதன் தயாரிப்பாளர் தருவது மற்றொன்று. கணினியோடு வந்த டிரைவுக்குத் தனியாக உத்தரவாதம் இருப்பதில்லை. அதன் மேல் எந்தத் தயாரிப்பாளரின் பெயர் அச்சிடப்பட்டிருந்தாலும், அது பழுதானால் மடிக்கணினி நிறுவனத்திடம்தான் போக வேண்டும். இவற்றில் எதுவுமே உள்ளே இருக்கும் கோப்புகளுக்குப் பொறுப்பேற்பதில்லை. டிரைவ் செத்துப்போனால் புதிய டிரைவ் கிடைக்கும். அதில் இருந்த புகைப்படங்கள் கிடைக்கா.

மடிக்கணினிக்கான வாரண்டியில் பொதுவாக எழுதப்பட்டிருப்பது, பயனரின் கையால் ஏற்பட்ட சேதத்தை நிறுவனம் ஏற்காது என்பதே. திருப்புளி வழுக்கி மதர்போர்டில் (கணினியின் முதன்மைப் பலகையில்) கீறல் விழுந்தாலோ, பேட்டரியின் இணைப்பான் பிய்ந்தாலோ அது உங்கள் செலவு. அதே நேரத்தில், எஸ்.எஸ்.டி.யை மாற்றிய ஆறு மாதத்துக்குப் பின் திரையில் கோடு விழுந்தால், அதற்கும் நீங்கள் மாட்டிய எஸ்.எஸ்.டி.க்கும் தொடர்பில்லை. இந்தத் தொடர்பின்மையை ஏற்க வேண்டும் என்பதுதான் பல நாடுகளின் சட்டங்கள் செல்லும் திசை. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டம், தன் பெயர் பொறித்த பாகத்தையோ தன் சேவை மையத்தையோ மட்டுமே பயன்படுத்தினால்தான் வாரண்டி என்று நிபந்தனை விதிப்பதை, அந்தப் பாகமும் சேவையும் இலவசமாகத் தரப்பட்டாலொழிய, பொதுவாகத் தடைசெய்கிறது. ‘இதை அகற்றினால் வாரண்டி செல்லாது’ என்ற ஒட்டுச்சீட்டுகள் குறித்து அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2018இல் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2024இலும் வேறு சில நிறுவனங்களுக்கு அத்தகைய கடிதங்கள் சென்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில், நிறுவனம் தரும் வாரண்டி எப்படி இருந்தாலும், விற்றவரே குறைந்தது 2 ஆண்டு சட்டப் பொறுப்பு ஏற்க வேண்டும். முதல் ஓராண்டில் தெரியவரும் குறை, பொருளைத் தரும்போதே இருந்ததாகவே பொதுவாகக் கொள்ளப்படும்.

சட்டம் நம் பக்கம் இருப்பதும், சேவை மையத்து மேசையில் இருப்பவர் அதை ஒப்புக்கொள்வதும் வேறு வேறு. அங்கே நின்று சட்டப்பிரிவு பேசி வென்றவர்களைவிட, காகிதத்தைக் காட்டி வேலையை முடித்துக்கொண்டவர்களே அதிகம் என்று நினைக்கிறேன். ஆகவே மூடியைத் தொடுவதற்கு முன் அந்தக் காகிதத்தைத் தயார் செய்ய வேண்டும். உங்கள் மாடலுக்குரிய பராமரிப்புக் கையேட்டை நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். லெனோவோ, டெல், எச்.பி. போன்ற நிறுவனங்கள் பல மாடல்களுக்கு இத்தகைய கையேடுகளை எவரும் படிக்கும்படி வெளியிடுகின்றன. மூடியைக் கழற்றும் வரிசை முதல் திருகாணியின் நீளம் வரை அவற்றில் இருக்கும். டிரைவ், ‘பயனரே மாற்றத்தக்க பாகம்’ என்று அதில் குறிக்கப்பட்டிருந்தால், அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்தாலே பாதி வழக்கு முடிந்தது.

கையேட்டில் தெளிவில்லை என்றால் வாடிக்கையாளர் சேவைக்கு எழுத்து மூலம் கேளுங்கள். தொலைபேசியில் ‘தாராளமாக மாற்றலாம்’ என்று சொன்னவரை மறுமுறை கண்டுபிடிக்க முடியாது. மின்னஞ்சலோ, சேமிக்கப்பட்ட உரையாடலோ அப்படி மறைந்துபோவதில்லை. கேள்வியும் துல்லியமாக இருக்க வேண்டும். ‘வாரண்டி போகுமா?’ என்று பொதுவாகக் கேட்டால், பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பதிலே வரும். மாடலையும் தொடர் எண்ணையும் குறிப்பிட்டு, ‘இந்த மாடலில் எஸ்.எஸ்.டி.யைப் பயனரே மாற்றலாமா, மாற்றியபின் மற்றப் பாகங்களுக்கான வாரண்டி தொடருமா, சேவைக்குக் கொடுக்கும்போது பழைய எஸ்.எஸ்.டி.யைத் திரும்பப் பொருத்தித் தர வேண்டுமா’ என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

சில சூழல்களில் மூடியைக் கழற்றாமல் இருப்பதே சரி. அலுவலகம் கொடுத்த கணினி உங்களுடையது அன்று. அதன் டிரைவை மாற்றும் முடிவும் உங்களுடையது அன்று. கடைக்காரர் தனியாக விற்ற நீட்டிப்பு வாரண்டி, தயாரிப்பாளரின் வாரண்டியிலிருந்து வேறுபட்ட ஒப்பந்தம். அதன் விதிகள் கடுமையாக இருக்கலாம் என்பதால் அதையும் படித்துவிட வேண்டும். புதிதாக வாங்கிய கணினி என்றால், கடையில் திருப்பித் தருவதற்கான காலம் முடியும்வரையாவது பொறுத்திருந்து, திரை, விசைப்பலகை, பேட்டரி ஆகியவற்றில் பிறவிக்குறை ஏதும் இல்லை என்று உறுதிசெய்த பிறகு கழற்றுவது நல்லது.

பொருந்தும் டிரைவைத் தேர்ந்தெடுத்தல்

எல்லா மடிக்கணினிகளிலும் டிரைவை மாற்ற முடியாது. ஆப்பிள் தன் சொந்தச் சில்லுகளோடு விற்கும் மேக்புக்குகளில் சேமிப்புச் சில்லுகள் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டவை. மலிவான பல சிறு மடிக்கணினிகளில் இருக்கும் இ.எம்.எம்.சி. சேமிப்பும் அப்படியே. கையேட்டிலோ நிறுவனத்தின் விவரக்குறிப்பிலோ இதை உறுதிசெய்யாமல் பணம் செலவழிக்கக் கூடாது.

மாற்றக்கூடிய டிரைவுகள் இன்று இரண்டு வடிவங்களில் வருகின்றன. பழைய மடிக்கணினிகளில் இருப்பது 2.5 அங்குல வகை எனப்படும் பெட்டி வடிவம்; அதன் தடிமன் பெரும்பாலும் 7 மி.மீ. அல்லது 9.5 மி.மீ. ஆக இருக்கும். தற்கால எஸ்.எஸ்.டி.கள் 7 மி.மீ. என்பதால் 9.5 மி.மீ. இடத்தில் சிறு பிளாஸ்டிக் சட்டத்தோடு அவற்றை வைக்கலாம். புதியவற்றில் இருப்பது எம்.2 எனப்படும் மெல்லிய பலகை வடிவம். அதன் அளவு பெயரிலேயே இருக்கிறது: 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம்; 2242, 2230 என்பவை அதே அகலத்தில் நீளம் குறைந்தவை. ஸ்லாட்டின் (டிரைவைச் செருகும் இடத்தின்) முனையில் திருகாணி பொருந்தும் குமிழ் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே எந்த நீளம் பொருந்தும் என்பது அமையும்.

பணம் வீணாகும் இடம் இதற்கு அடுத்தது. எம்.2 என்பது வடிவத்தை மட்டுமே சொல்கிறது. அதற்குள் தரவு போகும் வழி, பழையதும் வேகம் குறைந்ததுமான சாட்டாவாகவும் இருக்கலாம், புதியதும் வேகமானதுமான என்.வி.எம்.இ. ஆகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், சில ஸ்லாட்டுகளில் இரண்டும் செருகிக்கொள்ளும், ஆனால் ஸ்லாட் ஆதரிக்காத வகையைச் செருகினால் கணினிக்கு அது கண்ணிலேயே படாது. எம்.2 சாட்டா பலகைகளின் தங்க விளிம்பில் பெரும்பாலும் இரண்டு வெட்டுகளும், என்.வி.எம்.இ. பலகைகளில் பெரும்பாலும் ஒரே வெட்டும் இருக்கும். இதற்கு விதிவிலக்குகள் உண்டு என்பதால், வெட்டை மட்டும் பார்த்து வாங்காமல் இப்போது உள்ளே இருக்கும் டிரைவின் மாடல் பெயரைத் தேடிப் பார்த்து, அதே வகையை வாங்குவதே பாதுகாப்பு.

வேகத்தைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகக் கேட்கலாம். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் மடிக்கணினி ஹார்டு டிஸ்க் நொடிக்கு ஏறத்தாழ 100 எம்.பி. அளவில் படிக்கும், சாட்டா எஸ்.எஸ்.டி. நொடிக்கு 550 எம்.பி. வரை எட்டும், பி.சி.ஐ.இ. (என்.வி.எம்.இ. டிரைவுகள் பயன்படுத்தும் இணைப்பு) மூன்றாம் தலைமுறை என்.வி.எம்.இ. ஏறத்தாழ 3500, நான்காம் தலைமுறை ஏறத்தாழ 7000 எம்.பி. வரை போகும். எண்கள் இப்படி இருந்தாலும், ஹார்டு டிஸ்கிலிருந்து எந்த எஸ்.எஸ்.டி.க்கு மாறினாலும் கணினி உயிர்பெற்றது போலத் தெரியும், சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்கு மாறினால் பெரிய காணொளிகளைக் கையாள்பவர் தவிர மற்றவருக்கு அவ்வளவு வேறுபாடு தெரியாது. நான்காம் தலைமுறை டிரைவ் மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டிலும் வேலை செய்யும், ஸ்லாட்டின் வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும். ஆகவே தேவைக்கு மிஞ்சிய தலைமுறைக்குப் பணம் கொடுப்பதைவிட அதே பணத்தில் கூடுதல் கொள்ளளவு வாங்குவது மேல். மெல்லிய கணினிகளில் இரு பக்கமும் சில்லுகள் கொண்ட பலகைகள் இடிக்கக்கூடும். ஒரு பக்கம் மட்டும் சில்லுள்ளதைத் தேடுங்கள். வாங்கிய 1 டி.பி. டிரைவை விண்டோஸ் 931 ஜி.பி. என்று காட்டினால் ஏமாற்றப்பட்டதாக எண்ண வேண்டாம்; தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024இன் மடங்கிலும் எண்ணுவதால் வரும் வேறுபாடு அது.

புதிய டிரைவின் வாரண்டியையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். அது பெரும்பாலும் 3 அல்லது 5 ஆண்டு என்றும், அதோடு மொத்தமாக எழுதக்கூடிய அளவு இவ்வளவு என்றும் இரண்டு வரம்புகளோடு வரும். எது முதலில் முடிகிறதோ அதோடு வாரண்டி முடியும். எடுத்துக்காட்டாக, சாம்சங் 970 ஈவோ பிளஸ் 1 டி.பி. மாடலுக்கு 5 ஆண்டு அல்லது மொத்தம் 600 டி.பி. எழுதுதல் என்று வரம்பு. கணக்குப் போட்டால் ஐந்து ஆண்டும் நாள்தோறும் 328 ஜி.பி. எழுதினால்தான் அந்த எல்லையைத் தொட முடியும் என்பதால், வீட்டுப் பயன்பாட்டில் ஆண்டு வரம்புதான் முதலில் வரும். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். டிரைவின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளை வெப்பத்துக்காக என்று உரிக்காதீர்கள். லேபிள் இல்லாத டிரைவைத் தயாரிப்பாளர் ஏற்க மறுப்பது வழக்கம்.

இன்னொன்று. உங்கள் கணினியில் காலியான இரண்டாவது ஸ்லாட் இருந்தால், பழைய டிரைவைத் தொடாமலேயே புதியதை அங்கே மாட்டிவிடலாம். வாரண்டிக் கண்ணோடு பார்த்தால் இதைவிடச் சிறந்த வழி இல்லை. நிறுவனம் கொடுத்தது எதுவும் இடம் மாறவில்லை. தேவைப்பட்டால் ஒரு திருகாணியைக் கழற்றிப் புதியதை வெளியே எடுத்தால் கணினி பழைய கணினி. டிரைவைக் குளோன் செய்யும் (உள்ளதை அப்படியே புதிய டிரைவுக்குப் படியெடுக்கும்) வேலையும் இல்லை.

கழற்றுவதற்கு முன்: கோப்புகளும் குறியாக்கமும்

பழைய டிரைவும் புதிய டிரைவும் மேசையில் இருப்பதால் இரண்டு பிரதிகள் இருப்பதாகத் தோன்றும். குளோன் முடியும்வரை உண்மையில் ஒரே பிரதிதான் இருக்கிறது, அதுவும் நீங்கள் கையில் எடுத்துக் கழற்றப்போகும் டிரைவில். ஆகவே இரண்டிலும் சேராத மூன்றாவது ஓர் இடத்தில் முக்கியமான கோப்புகளின் காப்புப் பிரதியை எடுத்து, அதிலிருந்து நான்கைந்து கோப்புகளைத் திறந்தும் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி டிரைவைப் பூட்டும் விண்டோஸின் குறியாக்க வசதி. தற்கால விண்டோஸ் கணினிகள் பலவற்றில் உரிமையாளருக்கே தெரியாமல் சாதனக் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருக்கும். மூடியைக் கழற்றியதாலோ பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும் கணினியின் அடிப்படை நிரலில்) ஓர் அமைப்பை மாற்றியதாலோ அது விழித்துக்கொண்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். சாவி இல்லையென்றால் டிரைவில் இருப்பதைப் படிக்க வேறு வழியே கிடையாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாவி சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று வேறொரு சாதனத்திலிருந்து திறந்து பார்த்து, காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். குளோன் செய்ய எண்ணினால் முழுமையாக நீக்கிவிட்டு, புதிய டிரைவில் மறுபடி இயக்குவது சிக்கல் குறைந்த வழி.

விண்டோஸை அப்படியே குளோன் செய்வதா, புதிதாக நிறுவுவதா என்பதில் கட்சிகள் உண்டு. கணினி இதுவரை ஒழுங்காக ஓடியிருந்தால் குளோன் செய்வதே எளிது; நிரல்கள், அமைப்புகள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். அடிக்கடி முடங்குகிற கணினியைக் குளோன் செய்தால் அந்த முடக்கமும் சேர்ந்தே புதிய டிரைவுக்கு வரும். உரிமம் பற்றிய பயம் இரண்டிலும் தேவையில்லை: கணினியோடு வந்த விண்டோஸின் டிஜிட்டல் உரிமம் முதன்மையாக மதர்போர்டைச் சார்ந்தது, டிரைவை மாற்றுவதால் வழக்கமாக அது அறுபடுவதில்லை.

குளோன் செய்யப் புதிய டிரைவை யு.எஸ்.பி. உறையில் செருகிக் கணினியோடு இணைக்க வேண்டும். சாட்டாவுக்கும் என்.வி.எம்.இ.க்கும் உறைகள் வேறு என்பதைப் பார்த்து வாங்குங்கள். எஸ்.எஸ்.டி. தயாரிப்பாளர்கள் பலரும் குளோன் மென்பொருளை இலவசமாகத் தருகிறார்கள். குளோன்ஸில்லா போன்ற கட்டற்ற மென்பொருளும் உண்டு. இந்த முழு வேலையிலும் திருத்த முடியாத ஒரே தவறு இங்கேதான் நடக்கும்: மூலம் எது, இலக்கு எது என்பதை மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டால், வெற்று டிரைவின் வெறுமை உங்கள் கோப்புகளின் மேல் எழுதப்பட்டுவிடும். ‘டிஸ்க் 0’, ‘டிஸ்க் 1’ என்ற எண்களை நம்பாமல், மாடல் பெயரையும் கொள்ளளவையும் வாய்விட்டுப் படித்து உறுதிசெய்த பிறகே தொடங்குங்கள். பழைய டிரைவ் படிக்கும்போதே பிழை காட்டினால் சாதாரணக் குளோன் மென்பொருளை வைத்து அதைத் திரும்பத் திரும்ப வருத்தக் கூடாது. முதலில் முக்கியக் கோப்புகளை மட்டும் வெளியே எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே அறிவுடைமை. அப்படிப்பட்ட டிரைவுக்கு வாரண்டி இருந்தால் நிறுவனமே அதை மாற்றித் தரக்கூடும் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

புதிதாக நிறுவுபவர் குறைந்தது 8 ஜி.பி. கொண்ட பென் டிரைவில் நிறுவல் கோப்புகளைத் தயார் செய்துகொள்ள வேண்டும். அதே பென் டிரைவில் வைஃபை இயக்கியையும் (இயக்கி என்பது ஒரு பாகத்தை விண்டோஸ் கையாள உதவும் நிரல்), இன்டெல் பதினோராம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய கணினி என்றால் இன்டெலின் சேமிப்பக இயக்கியையும் நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிப் போட்டு வையுங்கள். இந்தக் கணினிகள் பலவற்றில் டிரைவுகளைக் கையாளும் வி.எம்.டி. என்ற இன்டெல் அமைப்பு இயங்குவதால், விண்டோஸ் நிறுவியில் ‘டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை’ என்று வரும், புதிய எஸ்.எஸ்.டி. பழுது என்று எண்ணித் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. அந்த இயக்கியை ஏற்றினால் டிரைவ் தெரியும். விண்டோஸை மறுபடி நிறுவ நிறுவனம் ஒதுக்கிவைத்த மீட்புப் பகுதி பழைய டிரைவில்தான் இருக்கும் என்பதால், அதிலிருந்து மீட்புப் பென் டிரைவ் ஒன்றையும் உருவாக்கிக்கொள்வது நல்லது.

மூடியைக் கழற்றி மாட்டுதல்

விண்டோஸில் சாதாரணமாக நிறுத்தினால், வேகத் தொடக்க வசதியின் காரணமாகக் கணினி முழுமையாக நிற்பதில்லை. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே நிறுத்தும் பொத்தானைச் சொடுக்கினால் முழுதும் நிற்கும். சார்ஜரைக் கழற்றுங்கள். திங்க்பேட் போன்ற சில கணினிகளின் பயாஸில் உள்ளிருக்கும் பேட்டரியைச் செயலிழக்கச் செய்யும் தெரிவு இருக்கிறது. இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். பிறகு சார்ஜரை மாட்டும்வரை அந்தக் கணினி எழாது என்பதை நினைவில் வையுங்கள். இல்லையென்றால் வேலை முடிந்தபின் வீணாகப் பதற நேரும்.

தேவையான கருவிகள் குறைவு: பெரும்பாலும் பி.எச்.0 அளவுள்ள (சிறிய கூட்டல் குறி வடிவ முனை), முனை மழுங்காத திருப்புளி, மூடியை நெம்ப மெல்லிய பிளாஸ்டிக் துண்டு, திருகாணிகளை வைக்க ஒரு தாள். அந்தத் தாளில் மடிக்கணினியின் அடிப்பக்கத்தைக் குத்துமதிப்பாக வரைந்து, ஒவ்வொரு திருகாணியையும் அது இருந்த இடத்திலேயே வையுங்கள். முன் விளிம்பில் இருப்பவையும் கீல் பக்கத்தில் இருப்பவையும் நீளத்தில் வேறுபடும். நீளமானதைக் குட்டையின் துளையில் முறுக்கினால், அது மேல்பக்கத்தில் கைவைக்கும் இடத்தில் மேடாகத் தெரியும். வாரண்டிக்குக் கொண்டுபோகும்போது ‘உள்ளே கை வைத்திருக்கிறார்கள்’ என்று சொல்லும் முதல் சாட்சி அந்த மேடுதான். திருப்புளியை நேராக நிறுத்தி, அழுத்தம் முதலில், திருப்பம் பிறகு என்று செய்தால் திருகாணியின் தலை தேயாது. சில திருகாணிகள் மூடியோடே தங்கிக்கொள்ளும் வகை. தளர்ந்தபின்னும் வெளியே வராவிட்டால் இழுக்க வேண்டாம். எல்லாத் திருகாணியும் கழன்ற பிறகும் மூடி அசையாவிட்டால், ரப்பர் பாதங்களுக்கு அடியிலோ ஒட்டுச்சீட்டுக்கு அடியிலோ இன்னொன்று ஒளிந்திருக்கிறது என்று பொருள். கையேடு இங்கே கைகொடுக்கும்.

மூடியின் ஓரங்கள் பிளாஸ்டிக் கொக்கிகளால் பிடிக்கப்பட்டிருக்கும். கீல் இருக்கும் பக்கத்து மூலையில் பிளாஸ்டிக் துண்டைச் செருகி, ஆழமாக நுழைக்காமல் ஓரத்தோடு நகர்த்திக்கொண்டே போனால், ஒவ்வொரு கொக்கியும் ‘டக்’ என்ற ஒலியோடு விடுபடும். முதல் ஒலியைக் கேட்டு உடைந்துவிட்டது என்று பலர் பயப்படுவார்கள், அது இயல்பு. உலோகத் திருப்புளியால் நெம்பினால் ஓரத்தில் விழும் பள்ளம் ஒருநாளும் மறையாது. மூடி விடுபட்டதும் ஒரேயடியாகத் தூக்கிவிடாமல், அதிலிருந்து பலகைக்கு வயர் ஏதேனும் செல்கிறதா என்று சற்றே தூக்கி எட்டிப் பாருங்கள். இப்போது உட்புறத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன் பேட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். இணைப்பானின் இரு காதுகளையும் நகத்தாலோ பிளாஸ்டிக் துண்டாலோ மாறிமாறித் தள்ளி, கையேடு சொல்லும் திசையில் எடுங்கள். வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. நிலைமின்சாரம் உடலில் சேராதிருக்க, கம்பளத்தின் மேல் அமராமல், தரையோடு இணைந்த உலோகம் ஒன்றை அவ்வப்போது தொட்டுக்கொண்டு, பலகைகளை ஓரத்தில் மட்டும் பிடித்து வேலை செய்யுங்கள்.

எம்.2 டிரைவின் முனையில் இருக்கும் ஒற்றைத் திருகாணியைக் கழற்றியதும், பலகை தானாகச் சற்றுச் சாய்வாக மேலே எழும்பி நிற்கும். அதே சாய்வில் மெல்ல இழுத்தால் வெளியே வந்துவிடும். அதன் மேல் உலோகத் தகடோ வெப்பப் பட்டையோ இருந்தால் கவனமாக எடுத்துப் புதியதற்கு மாற்றுங்கள். பிய்ந்துவிடும்போல் இருந்தால் அதை விட்டுவிட்டுப் புதிய பட்டை வாங்கி ஒட்டுவது நல்லது, ஏனெனில் பழையதைப் பழைய டிரைவோடே விட்டால் பிறகு திரும்ப மாட்டும்போது உதவும். புதிய டிரைவின் வெட்டை ஸ்லாட்டின் தடுப்போடு பொருத்தி, அதே சாய்வில், தங்கத் தொடுமுனைகள் அநேகமாக மறையும்வரை செருகுங்கள். விரலால் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு திருகாணியை மாட்டுங்கள். அது மிகச் சிறியது, அதன் மரைகளும் மெல்லியவை. தடை உணர்ந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். 2.5 அங்குல வகையில் டிரைவ் ஓர் உலோகச் சட்டத்தில் பக்கவாட்டுத் திருகாணிகளோடு இருக்கும். சட்டத்தைப் புதியதற்கு மாற்றி, சாட்டா முனையை வளைக்காமல் நேராகச் செருகினால் முடிந்தது.

பேட்டரியை மீண்டும் இணைத்து, மூடியை வைத்து, ஓரமெல்லாம் அழுத்திக் கொக்கிகளைப் பூட்டுங்கள். திருகாணிகள் அனைத்தையும் உடனே மாட்டாமல் இரண்டு மட்டும் மாட்டி, கணினி எழுகிறதா என்று பார்த்தபின் மற்றவற்றை முறுக்கலாம். பழைய டிரைவை யு.எஸ்.பி. உறையில் இணைத்தபடியே முதல் முறை இயக்க வேண்டாம். குளோன் செய்த இரண்டு டிரைவுகளுக்கும் அடையாள எண் ஒன்றே என்பதால் விண்டோஸும் லினக்ஸும் குழம்பக்கூடும்.

கணினி எழாவிட்டால்

முதலில் பயாஸுக்குள் போய் டிரைவின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் பலகை முழுதாகச் செருகப்படவில்லை, அல்லது சாட்டா–என்.வி.எம்.இ. வகை பொருந்தவில்லை. பெயர் தெரிந்தும் விண்டோஸ் எழவில்லை என்றால், தொடக்க வரிசையில் புதிய டிரைவின் விண்டோஸ் பதிவு முதலில் இருக்கிறதா என்றும், பயாஸில் சேமிப்பக முறை (டிரைவைக் கணினி கையாளும் விதம்) பழையபடியே இருக்கிறதா என்றும் சரிபாருங்கள். அந்த முறையை இடையில் மாற்றினால், ‘தொடக்கச் சாதனத்தை அணுக முடியவில்லை’ என்ற பொருளில் நீலத்திரை வரும். எல்லாம் சரியாக இருந்தும் எழாத குளோனோடு நாள் முழுதும் மல்லுக்கட்டுவதைவிட, பழைய டிரைவை மாட்டிக் கணினி நலமாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, மறுபடி குளோன் செய்வது விரைவாக முடியும்.

எழுந்தபின் சில்லறை வேலைகள் உண்டு. கூடுதல் இடம் ஒதுக்கப்படாமல் கிடந்தால் டிஸ்க் மேலாண்மையில் விரிவாக்கலாம். நடுவே மீட்புப் பகுதி குறுக்கே நின்றால், பார்ட்டிஷனை நகர்த்தும் மென்பொருள் தேவைப்படும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற கருவியில் புதிய டிரைவின் உடல்நிலையையும் இயங்கிய மணி நேரத்தையும் பாருங்கள்; புதியது என்று விற்கப்பட்டதில் நூற்றுக்கணக்கான மணி நேரம் காட்டினால், திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் கடைக்காரரிடம் பேசுங்கள். பிட்லாக்கரை நிறுத்தியிருந்தாலும் நீக்கியிருந்தாலும் மறுபடி இயக்கி, மீட்புச் சாவியைச் சரிபார்த்துச் சேமியுங்கள். முழுமையாக நீக்கி மறுபடி இயக்கியிருந்தாலோ புதிதாக நிறுவியிருந்தாலோ சாவி மாறியிருக்கும், பழைய சாவி புதிய டிரைவுக்குப் பயன்படாது.

பழைய டிரைவும் சேவை மையமும்

கழற்றிய டிரைவை அது இருந்தபடியே, நிலைமின்சாரம் தடுக்கும் உறையிலிட்டு, கணினியின் தொடர் எண்ணை எழுதி, எடுத்து வையுங்கள். அதை உடனே அழித்து வெளிப்புற டிரைவாகப் பயன்படுத்தும் ஆசை வரும்; வாரண்டிக் காலம் முடியும்வரை அந்த ஆசையைத் தள்ளிவைப்பது நல்லது. ஆனால் அதை மட்டுமே காப்புப் பிரதியாக நம்பி அலமாரியில் போட்டுவிடவும் கூடாது. மின்சாரம் இல்லாமல் கிடக்கும் எஸ்.எஸ்.டி. தன் நினைவை மெல்ல இழக்கும்; எழுதும் வரம்பு முழுதும் தேய்ந்த நுகர்வோர் டிரைவ் 30 பாகை செல்சியஸில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதே ஜெடெக் என்ற மின்னணுச் சில்லுத் துறை அமைப்பின் தரநிலை எதிர்பார்ப்பது. தேயாத டிரைவ் அதைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும், சில மாதத்துக்கு ஒருமுறை இணைத்துப் பார்ப்பதில் இழப்பில்லை.

கணினி வேறு காரணத்தால் பழுதாகிச் சேவைக்குப் போகும்போது, அதை இயக்க முடிகிற நிலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், புதிய டிரைவைக் கழற்றிப் பழையதை மாட்டிக் கொடுங்கள். இதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. டிரைவை மாற்றியிருந்தீர்களா என்று கேட்டால் ஆம் என்றே சொல்லலாம். நிறுவனம் தன் பாகங்களோடு தன் கணினியைச் சோதிக்கும்போது, பழுதுக்கு நீங்கள் மாட்டியதே காரணம் என்ற வாதத்துக்கு இடமிருக்காது. அதைவிடவும் பெரிய பயன் வேறு: சேவை மையங்கள் பழுது பார்க்கும்போது டிரைவை அழித்து விண்டோஸை மறுபடி நிறுவுவது சாதாரணம், உங்கள் கோப்புகள் உள்ள டிரைவ் அங்கே இல்லாவிட்டால் அவை அழியவும் வழியில்லை, அந்நியர் கையில் படவும் வழியில்லை. நிறுவனம் டிரைவையே வாரண்டியில் மாற்றித் தந்தால் பழுதான டிரைவைத் திரும்பக் கேட்கும்; தரவுக்காக அதைக் கொடுக்க விரும்பாதவர்களுக்கென்று சில நிறுவனங்கள் தனிக் கட்டணத்தில் அதை வைத்துக்கொள்ளும் திட்டம் விற்கின்றன. புதிய எஸ்.எஸ்.டி. பழுதானால் அதன் தயாரிப்பாளருக்கு அனுப்ப வேண்டியிருக்கும். செத்துப்போன டிரைவை அழித்து அனுப்ப முடியாது என்பதால்தான், அது உயிரோடு இருக்கும்போதே குறியாக்கத்தை இயக்கிவைக்கச் சொல்வது.

வாரண்டி முடிந்த பிறகு பழைய டிரைவை விற்பதானாலும் பிறருக்குக் கொடுப்பதானாலும், கோப்புகளை நீக்குவதும் விரைவு ஃபார்மட்டும் போதா. எஸ்.எஸ்.டி. என்றால் தயாரிப்பாளரின் கருவியிலோ பயாஸிலோ உள்ள பாதுகாப்பான அழிப்பு முறையையும், ஹார்டு டிஸ்க் என்றால் முழுப் பரப்பின் மீதும் ஒருமுறை மேலெழுதும் முறையையும் பயன்படுத்துங்கள். தொடங்குவதற்கு முன், எந்த டிரைவைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்பதை இங்கேயும் மாடல் பெயரை வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.